தத்துவத்துக்குப் போட்ட நாற்காலி

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: தத்துவம் இன்று பேராசிரியர்கள் பேராசிரியர்களுக்காக எழுதிக்கொள்ளும் துறையாகிவிட்டது, கல்லூரிக்கு வெளியே, ஜெர்மன் தத்துவக்காரர் கான்ட்டின் பெயரையே கேட்டிராத ஒருவரின் வாழ்க்கையில் அதற்கு ஏதாவது வேலை இருக்கிறதா? "சிந்திக்கக் கற்றுக்கொடுக்கிறது" என்ற பதில் வேண்டாம், இடத்தைக் காட்டுங்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எம்.ஏ. தத்துவம் முடித்துவிட்டு வீட்டில் இருப்பதாகவும், அப்பா தினமும் இதையே கேட்பதாகவும் கடைசி வரியில் இருக்கிறது. ஆக, இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. தத்துவத்தால் ஊருக்கு என்ன ஆகும் என்பது ஒன்று. தத்துவம் படித்த உங்களால் ஊருக்கு என்ன ஆகும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஒரு கல்லூரியில் இருபது வருடம் தர்க்கமும் அறவியலும் நடத்தினேன். அப்புறம் பதினொரு வருடம் இரண்டு மருத்துவமனைகளின் எத்திக்ஸ் கமிட்டியில் உறுப்பினராக இருந்தேன். நான் உறுதியாகப் பேசக்கூடியது அந்தக் கமிட்டி மேசையைப் பற்றித்தான். நீதிமன்றம், அரசியல் என்று வரும்போது வெளியிலிருந்து பார்த்தவளாகவே சொல்கிறேன். கமிட்டியில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பதால் கீழே வரும் சம்பவங்களில் நோய், ஆள், ஊர் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். வாதங்களை மாற்றவில்லை.

இந்தியாவில் ஒரு புது மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க ஒரு எத்திக்ஸ் கமிட்டி சம்மதிக்க வேண்டும். அந்தக் கமிட்டியில் யார் யார் இருக்க வேண்டும் என்று 2019-ல் வந்த மத்திய அரசின் மருந்துச் சோதனை விதிகள் சொல்கின்றன. குறைந்தது ஏழு பேர். அதில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையோடு சம்பந்தம் இல்லாதவர்கள். டாக்டர்களும் மருந்தியல் தெரிந்தவரும் சட்டம் தெரிந்தவரும் இருப்பார்கள் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அதோடு பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும். இன்னொரு இடம் சமூக அறிவியலாளர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, தத்துவவாதி, அறவியலாளர், இறையியலாளர் என்ற வகையில் ஒருவருக்கு. தத்துவவாதி என்ற சொல்லே விதியில் இருக்கிறது. அந்த வகை உறுப்பினரோ பொதுமக்கள் பிரதிநிதியோ வராத நாளில் கோரம் (கூட்டம் நடத்தக் கட்டாயம் இருக்க வேண்டியவர்கள்) இல்லை. பல கோடி ரூபாய் ஆய்வாக இருந்தாலும் அன்றைக்கு அதை எடுத்துப் பேச முடியாது. இடத்தைக் காட்டச் சொன்னீர்கள். கல்லூரிக்கு வெளியே தத்துவத்துக்குச் சட்டப்படி போட்ட நாற்காலி அது.

அந்த நாற்காலி எப்படி வந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரை மையமாக வைத்து, 1932 முதல் 1972 வரை, அரசின் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய். "உங்களுக்குக் கெட்ட ரத்தம், சிகிச்சை தருகிறோம்" என்று சொல்லிவிட்டு, நோய் முற்றினால் உடம்பு என்ன ஆகிறது என்று வருடக்கணக்கில் குறித்துக்கொண்டு வந்தார்கள். அந்த நோயைக் குணப்படுத்தும் பெனிசிலின் 1940-களின் கடைசியில் தாராளமாகக் கிடைத்த பிறகும் இவர்களுக்குத் தரவில்லை. 1972-ல் பத்திரிகையில் வந்ததும் நாடே கொதித்தது. 1974-ல் சட்டம் போட்டு, மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கு நெறி வகுக்க ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதில் ஸ்டீஃபன் டூல்மின், டாம் பீச்சம் என்ற இரண்டு தத்துவக்காரர்கள் ஊழியர்களாக வேலை பார்த்தார்கள். 1979-ல் வெளியான அந்த ஆணையத்தின் பெல்மாண்ட் அறிக்கையை எழுதியதில் பீச்சமின் கை பெரியது.

டஸ்கீகி தப்பு என்று சொல்லத் தத்துவம் எதற்கு? யாருக்குத்தான் தெரியாது? இந்த எதிர்க்கேள்வி நியாயமானது. ஆனால் எதனால் தப்பு என்று கேட்டுப் பாருங்கள். பொய் சொன்னதாலா? மருந்து இருந்தும் தராமல் விட்டதாலா? வேறு யாரையும் எடுக்காமல் ஏழைக் கறுப்பின விவசாயிகளை மட்டும் எடுத்ததாலா? பொய்தான் தப்பு என்றால், உண்மையைச் சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டால் எந்த ஆபத்தான சோதனையும் நடத்தலாம் என்று ஆகிவிடும். கெடுதல்தான் தப்பு என்றால், கெடுதல் வராத வரை யாரிடமும் சொல்லாமலே செய்யலாம் என்று ஆகிவிடும். இரண்டும் சரியாக இருந்து, ஆபத்தை ஏழையும் பலனைப் பணக்காரரும் பங்கு போட்டுக்கொண்டால்? கோபம் எல்லோருக்கும் வந்தது. அந்தக் கோபத்துக்குள் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டி, மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்று மூன்று கொள்கைகளாக வைத்தது பெல்மாண்ட் அறிக்கை. சம்மதப் படிவமும், ஆபத்து-பலன் கணக்கும், யாரைச் சோதனைக்கு எடுக்கலாம் என்ற விதியும் அந்த மூன்றிலிருந்து வந்தவை. இன்று தமிழ்நாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஒரு நோயாளி கையெழுத்திடும் படிவத்துக்கும் அந்த வாதத்துக்கும் நேரடியான தொடர்பு இருக்கிறது.

ஆனால் கொள்கையை அச்சடித்து வைத்தால் போதாது. 2009-ல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. படிவங்கள் இருந்தன. பல படிவங்களில் பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை விடுதி வார்டன்களும் தலைமையாசிரியர்களும் போட்டிருந்தார்கள். 2010-ல் ஆய்வை நிறுத்தினார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. கையெழுத்து இருக்கிறது, சம்மதம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் எனக்குப் பதினொரு வருடம் வேலை இருந்தது.

ஒரு கூட்டத்தை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஆறாத கால் புண்ணுக்கு ஒரு மருந்து, அதன் ட்ரையல். ஆங்கிலப் படிவத்தை ஏஜென்சியில் கொடுத்துத் தமிழாக்கியிருந்தார்கள், 14 பக்கம். மூன்றாம் பக்கத்தில் "நீங்கள் சீரற்ற முறையில் இரு குழுக்களில் ஏதேனும் ஒன்றிற்கு ஒதுக்கப்படுவீர்கள்" என்று ஒரு வரி. பொதுமக்கள் பிரதிநிதியாக வந்திருந்தவர் தையல் கடை நடத்துகிற ஒரு அக்கா. எட்டாவது வரை படித்தவர். எல்லாப் பக்கத்தையும் வீட்டிலேயே படித்து, புரியாத இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு வருவார். துணியில் போடுகிற அதே நீலச் சுண்ணம். அந்த வரியில் விரலை வைத்து, "சீரற்ற முறைன்னா சரியில்லாத முறையா சார்?" என்றார்.

ஆய்வு நடத்தும் டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும், நாங்கள் தீர்மானிக்க மாட்டோம் என்றார். அக்கா உடனே, "அப்போ குலுக்கல் சீட்டு மாதிரி. அப்படியே எழுதிடுங்களேன்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, "குலுக்கல்னு போட்டா யாருமே கையெழுத்துப் போட மாட்டாங்கம்மா" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. களத்தில் பட்ட அனுபவத்தைச் சொன்னார். செயலாளர் அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்று தாளைத் திருப்பினார்.

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். "புரிந்தால் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்றால், புரியாமல் போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு நாம் எதற்குச் சம்மதம் வாங்கினோம் என்று சொல்வது?" இவ்வளவுதான் கேட்டேன். மேசை அமைதியானது. ஆனால் அன்றைய பெரிய கேள்வி அதற்கு அப்புறம் அக்காவிடமிருந்து வந்தது. "எனக்கு எந்த மருந்து நல்லதுன்னு டாக்டருக்குத் தெரிஞ்சா, ஏன் குலுக்கிப் போடணும்? தெரியாதுன்னா, தெரியாதுன்னே எழுதலாமே?"

பெஞ்சமின் ஃப்ரீட்மன் என்ற தத்துவக்காரர் மான்ட்ரியலில் வேலை பார்த்தவர். 1987-ல் அவர் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இத்துறையில் எல்லோரும் படிப்பது. இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று மருத்துவர் சமூகத்துக்குள்ளேயே நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கும் வரைதான் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிப்பது நியாயம், அது தீர்ந்த பிறகு அப்படிப் பிரிப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் வாதத்தின் சாரம். அக்கா அந்தக் கட்டுரையைப் பார்த்ததில்லை. அதன் முதுகெலும்பை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கடைசியில் படிவம் இப்படி அச்சானது: "எந்த மருந்து மேல் என்று டாக்டர்களுக்கு இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவே இந்தச் சோதனை. உங்களுக்கு எது கிடைக்கும் என்பதைக் குலுக்கல் போலக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். உங்கள் டாக்டர் முடிவு செய்ய மாட்டார்." ஆள் சேர்வது கொஞ்சம் மெதுவானது. ஆனால் சேர்ந்தார்கள்.

இதில் தத்துவம் செய்தது யார்? என் பதில்: அக்கா. என் வேலை வேறு. அவர் கேட்டது அறியாமையில் கேட்ட கேள்வி என்று மேசை தாண்டிப் போக இருந்தது. அது இந்த ஆய்வின் அஸ்திவாரத்தையே தொடுகிற கேள்வி என்று அடையாளம் கண்டு, பதில் வரும் வரை தாளைத் திருப்ப விடாமல் பிடித்துக்கொண்டேன். அந்த அடையாளம் காணும் கண் எனக்குப் படிப்பால் வந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். கல்லூரிக்கு வெளியே தத்துவத்தின் வேலை என்ன என்று என்னை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: ஏற்கெனவே மக்களிடம் இருக்கும் கேள்வியை அவசரத்தில் யாரும் மிதித்துவிட்டுப் போகாமல் காப்பது. விடை கொடுப்பது அதில் சின்னப் பங்குதான்.

என் படிப்பு என்னைத் தவறாக நடத்திய நாளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இன்னொரு ஆய்வில், ரத்தம் கொடுக்க வந்து போகும் ஒவ்வொரு நாளுக்கும் கலந்துகொள்பவர்களுக்கு ஒரு தொகை தருவதாக இருந்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவரின் ஒரு நாள் சம்பளத்தைவிட அது அதிகம். ஏழைகளைப் பணத்தால் இழுப்பது அவர்களைக் கருவியாகப் பயன்படுத்துவது, தொகையைக் குறைக்க வேண்டும் என்று நான் வாதாடினேன். மனிதரை வெறும் கருவியாக நடத்தக்கூடாது என்று கான்ட் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு பேசினேன். மகளிர் குழு நடத்துகிற ஒரு உறுப்பினர் குறுக்கிட்டு, "காசு குறைச்சா ஆபத்து குறையுமா மேடம்? ஆபத்து அதேதான். காசு மட்டும்தான் குறையும். ஏழைன்னா கணக்குப் போடத் தெரியாதா?" என்றார். எனக்கு முகம் சிவந்தது. அவர் சொன்னது சரி. ஆபத்து ஏற்கக்கூடிய அளவில் இருந்தால் நல்ல தொகை தருவதில் தப்பில்லை. ஆபத்து அதிகம் என்றால் தொகையைக் குறைப்பதால் அது நியாயமாகிவிடாது. நான் மதிப்பதாக நினைத்துக்கொண்டிருந்த அதே மக்களின் யோசிக்கும் திறனை நான்தான் குறைத்து எடை போட்டிருந்தேன். தத்துவம் தெரிந்தவர் தனியாக உட்கார்ந்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நாளை நினைத்துக்கொள்வேன். நாற்காலி ஒன்று போதும், ஆனால் மேசையில் மற்ற நாற்காலிகளும் இருக்க வேண்டும்.

டூல்மின் தன் ஆணைய அனுபவத்தைப் பற்றிச் சொன்ன ஒன்றும் இதோடு சேரும். மதமும் தொழிலும் அரசியலும் வேறு வேறான ஆணைய உறுப்பினர்கள், குறிப்பிட்ட ஒரு வழக்கு என்று வந்தால் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்; ஏன் அந்த முடிவு என்று காரணம் கேட்டால்தான் பிரிந்தார்கள். என் கமிட்டிகளிலும் அதையே பார்த்தேன். பாதிரியாரும் நாத்திக வக்கீலும் ஒரு படிவத்தை வேறு வேறு காரணங்களுக்காக ஒரே மாதிரி நிராகரிப்பார்கள். அதனால் எல்லோரும் ஒரே கொள்கைக்கு வந்த பிறகுதான் முடிவெடுக்க முடியும் என்று நினைக்க வேண்டாம்.

குறிப்பிட்ட வழக்கு என்று வந்தாலும் முடிவு ஒன்றாக வராத சமயங்களும் உண்டு. 1978-ல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. ஆய்வகத்தில் இருக்கும் கருவை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று யாருக்கும் தெரியவில்லை. 1982-ல் அரசு ஒரு குழு போட்டு, தலைமைக்கு மேரி வார்னக் என்ற தத்துவக்காரரை வைத்தது. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்தியவர், நடுவில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியராகவும் இருந்தவர். கரு முதல் நொடியிலேயே மனிதர் என்று ஒரு பக்கம். வெறும் உயிரணுக் கூட்டம் என்று இன்னொரு பக்கம். 1984-ல் வந்த அறிக்கை, கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் வளர்க்கக்கூடாது என்றது. ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் முதுகுத்தண்டுக்கு முன்னோடியான ஒரு கோடு கருவில் தோன்றுகிறது. அதற்கு முன் ஒரு கரு இரட்டையாகப் பிரியவும் கூடும், ஆகவே அது இன்னும் "ஒருவர்" என்று சொல்ல முடியாத நிலை. குழுவிலேயே சிலர் எதிர்ப்பைத் தனியாகப் பதிவு செய்தார்கள். 1990-ல் அது பிரிட்டிஷ் சட்டமானது. இந்தியாவின் ஸ்டெம் செல் ஆய்வு வழிகாட்டுதலிலும் அதே 14 நாள் இருக்கிறது. பதினான்கு என்ற எண் இயற்கை எழுதி வைத்தது இல்லை என்று வார்னக்குக்கு நன்றாகத் தெரியும். ஏதோ ஓர் இடத்தில் தெளிவான கோடு வேண்டும், நாள் கணக்கில் எண்ணக்கூடிய கோடாக இருந்தால் யாரும் ஏமாற்ற முடியாது என்பது அவர் நிலை. சரியானது எது என்பதும், ஒத்துப்போகாத மக்கள் சேர்ந்து வாழத் தகுந்த ஏற்பாடு எது என்பதும் வேறு வேறு கேள்விகள். அந்த வேறுபாட்டை ஒரு நாட்டின் சட்டத்துக்குள் கொண்டுபோனது என் கணக்கில் மிகப் பெரிய வேலை.

நம் நாட்டில் இதே மாதிரி ஒரு கோடு அருணா ஷான்பாக் வழக்கில் வந்தது. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அவர் 1973-ல் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவு திரும்பாமல் கிடந்தார். அவரைச் சாக அனுமதிக்க வேண்டும் என்று ஒரு பத்திரிகையாளர் உச்ச நீதிமன்றம் போனார். வருடக்கணக்காக ஒரு படுக்கைப் புண் கூட வராமல் பார்த்துக்கொண்ட நர்ஸுகள் கூடாது என்றார்கள். 2011-ல் நீதிமன்றம் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதைக் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது, ஆனால் அருணா விஷயத்தில் மறுத்தது. அவருக்காகப் பேசும் உரிமை அந்த மருத்துவமனைக்காரர்களுக்குத்தான் என்றது. 2015-ல் நிமோனியாவில் அவர் இறந்தார். 2018-ல் கண்ணியமான சாவும் வாழும் உரிமையின் பகுதி என்று அரசியல் சாசன அமர்வு சொல்லி, பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் லிவிங் வில்லை ஏற்றது. கொல்வது வேறு, சாக விடுவது வேறு என்ற பிரிவின் மேல் இந்தத் தீர்ப்புகள் நிற்கின்றன. அந்தப் பிரிவு எவ்வளவு உறுதியானது என்பது தத்துவத்தில் தீராத வாதம். இரண்டுக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை என்று 1975-லேயே ஜேம்ஸ் ரேச்சல்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவக்காரர் வாதாடினார். நான் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றிருக்கிறேன், இன்னும் முடிவுக்கு வரவில்லை.

ஆனால் ஐ.சி.யு. வாசலில் ஒரு குடும்பத்துக்கு அந்த வாதம் தேவைப்படுவதில்லை. வென்டிலேட்டரில் இருக்கும் அப்பாவைப் பற்றி, "என்ன செய்யலாம்?" என்று மூத்த மகன் கேட்கும்போது அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கும். அப்பா பேச முடிந்தால் என்ன சொல்வார்? நான் என்ன விரும்புகிறேன்? காசு எவ்வளவு நாள் வரும்? தங்கச்சி என்னைக் குறை சொல்வாளா? நாலும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டால் மனிதர் நொறுங்கிவிடுவார். ஒவ்வொன்றாக எடுத்துத் தனியாக வைக்க உதவியிருக்கிறேன். முதலாவதைத் தனியாகக் கேட்டபோது ஒருவர், "அவர் வீட்டுத் திண்ணையிலதான் சாகணும்பார்" என்று அழுதார். முடிவு அவருடையது. அதற்கு மேல் அங்கே தத்துவத்துக்கு வேலை இல்லை. கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் போதும்.

தத்துவம் கல்லூரிக்குள் அடைந்ததே சமீபத்தில்தான் என்பதையும் உங்கள் அப்பாவுக்குச் சொல்லலாம். ஸ்பினோசா என்ற தத்துவக்காரர் 1656-ல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகத்திலிருந்து விலக்கப்பட்ட பிறகு கண்ணாடி லென்ஸ் தேய்த்துப் பிழைத்தார். 1673-ல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் கூப்பிட்டும் போகவில்லை. இங்கிலாந்துத் தத்துவக்காரர் ஜான் லாக் ஒரு டாக்டர். ஸ்காட்லாந்துத் தத்துவக்காரர் ஹியூமுக்கு எடின்பரோவில் பேராசிரியர் வேலை மறுக்கப்பட்டது. நம் பக்கம், மணிமேகலையில் இந்திர விழாவை முரசறைந்து சொல்லும்போதே, சமய வாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடலாம் என்று அழைப்பு வருகிறது. தேரோட்டம் மாதிரி வாதமும் திருவிழாவின் பகுதி. பிரான்ஸில் இன்றும் பள்ளிக் கடைசி வருடத்தில் தத்துவம் பாடம்; ஜூன் மாதம் நான்கு மணி நேரத் தேர்வு நடக்கும், அன்றைய கேள்விகள் செய்தித்தாளில் வரும், வீடுகளில் பேசுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இன்னொன்று. ஜார்ஜ் குரோட் லண்டனில் வங்கித் தொழில் செய்தவர், கிரேக்க வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். அதில் அரசியல் சாசன அறம், அதாவது சாசனத்தின் நெறிகளை எல்லோரும் மதித்து நடப்பது, என்ற ஒரு கருத்தை விளக்கினார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அந்தப் பகுதியை எடுத்துப் பேசி, அது இயல்பாக வருவதில்லை, வளர்த்தெடுக்க வேண்டியது என்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் டூயி என்ற அமெரிக்கத் தத்துவக்காரரிடம் படித்தவர் அம்பேத்கர். தத்துவத்தை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று தெரிந்தவர். எழுபது வருடம் கழித்து, 2018-ல், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே சொல்லைக் கையில் எடுத்து, பெரும்பான்மைக்குப் பிடித்த ஒழுக்கத்தைவிடச் சாசனத்தின் அறம் மேல் என்று சொல்லி, தன்பால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. இதில் எவ்வளவு பங்கு தத்துவத்துடையது, எவ்வளவு பங்கு தெருவில் இறங்கிப் போராடியவர்களுடையது என்று பிரித்தால், போராட்டத்தின் பங்கே பெரிது என்று நினைக்கிறேன். ஆனால் போராடியவர்கள் கேட்டதை நீதிமன்றம் தன் மொழியில் சொல்ல ஒரு சொல் தயாராக இருந்தது.

இனி, நான் நம்பாதவை. தத்துவம் படித்தால் நல்லவராகிவிடுவோம் என்பதை நான் நம்பவில்லை. எரிக் ஷ்விட்ஸ்கெபல் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் அறவியல் பேராசிரியர்களின் நடத்தையைப் பல விதங்களில் ஆராய்ந்து பார்த்தார். மற்ற பேராசிரியர்களைவிட அவர்கள் மேலாக நடப்பதாகத் தெரியவில்லை. அவரே வேறு சிலரோடு சேர்ந்து செய்து 2020-ல் வந்த இன்னொரு ஆய்வில், இறைச்சி உண்பதன் அறத்தைப் பற்றி வகுப்பில் விவாதித்த மாணவர்கள் வாங்கிய உணவில் இறைச்சியின் பங்கு 52 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாகக் குறைந்தது. ஆக, குறிப்பிட்ட ஒரு விஷயத்தைப் பற்றிய விவாதம் கொஞ்சம் அசைக்கக்கூடும். தத்துவப் பட்டம் அசைப்பதாகத் தெரியவில்லை. தத்துவம் வெளியே வந்தால் நல்லதே செய்யும் என்பதும் உறுதி இல்லை. ஜெர்மன் தத்துவக்காரர் ஹைடெக்கர் 1933-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்து பல்கலைக்கழகத் தலைவராக இருந்தார். சுதந்திரத்தைப் பற்றி எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில் 35 வருடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தார். தான் சொல்லும் சுதந்திரம் "பின்தங்கிய" சமூகங்களுக்குப் பொருந்தாது என்று எழுதினார். அந்த மேசையில் நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் நாற்காலி இல்லை. தையல் கடை அக்கா மாதிரி ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் அந்த வரியை மில்லால் அவ்வளவு சுலபமாக எழுதியிருக்க முடியுமா என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. இதில் முழு நேரச் சம்பளம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு வந்து போக ஒரு சிறு தொகை தருவார்கள். சோறு போட வேறு வேலை வேண்டும். உங்கள் மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி இருந்தால் அதன் எத்திக்ஸ் கமிட்டி உறுப்பினர்-செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வெளியிலிருந்து வருகிற, டாக்டர் அல்லாத ஆள் அவர்களுக்குக் கட்டாயம் தேவை, கிடைப்பது கஷ்டம். மருத்துவ ஆய்வு நெறிகள் பற்றிய பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை முதலில் படித்துவிடுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு தமிழ்ச் சம்மதப் படிவத்தை எடுத்து, உங்கள் அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டே, பென்சிலால் அங்கே கோடு போடுங்கள்.